தனிநாயகம் அடிகளார்: சிதம்பரத்தில் மீண்டும் ஒரு மாணவர்

தோற்றுவாய்

ஆண்டுதோறும் மாணவர் சேர்க்கை நடைபெறும் நாள்களில் தமிழ்த்துறையினராகிய நாம் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. மகனையோ மகளையோ கையோடு அழைத்து வரும் பெற்றோர், தமிழ் எம்.ஏ. படித்தால் பின்னர் என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்பர். வேறு பாடங்களில் இடம் கிடைக்காதவர்க்கே தமிழ் என்னும் எண்ணம் அத்தயக்கத்தின் அடியில் கிடக்கிறது. இதற்கு நேர்மாறான வினா ஒன்றையும் ஆர்வமுள்ள மாணவர் சிலர் எழுப்புகின்றனர். பிரெஞ்சு போன்றதோர் அயல்மொழியைக் கற்கச் சென்றால் தமிழை விட்டு விலகியவர் ஆகிவிடுவோமோ என்பதே அது. கடலூர் மாவட்டத்து மாணவர்க்கு இவ்வினா வெறுங்கற்பனை அன்று. கடலூரிலிருந்து 25 கிலோ மீட்டருக்குள் அமைந்துள்ள புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியும் இலக்கியமும் முதுகலைப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன.

இவ்விரு வினாக்களுக்கும் ஒருவருடைய வாழ்க்கை விடையாக அமைந்துள்ளது. ஐரோப்பிய மொழிகள் பல அறிந்து, உரோமாபுரியில் சமய இயலில் முனைவர் பட்டமும் பெற்ற பின்னர், முப்பத்திரண்டு வயதை எட்டும் பருவத்தில் சிதம்பரத்திற்கு வந்து, தம்மினும் இளையோருடன் தமிழ் முதுகலை வகுப்பில் அமர்ந்த தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளாரே அவர். அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இளமையும் முதற்கல்வியும்

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப்பகுதியில் உள்ள ஊர்காவற்றுறையில் 1913 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர் நிக்கொலஸ் ஸ்தனிஸ்லாஸ் என்பதாகும். தனிநாயகம் என்னும் தமிழ்ப்பெயரை அவர் பின்னாளில் விரும்பி மேற்கொண்டார். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் உயர்ந்த கல்வி என்பது ஆங்கிலக் கல்வியே. தமிழ் வீட்டு மொழியாக இருந்தது. அறிவுலகின் மொழியாக ஆங்கிலமே மதிக்கப்பட்டது. எனவே அடிகளாரும் ஆங்கிலத்தில் வல்லவராகவும் தமிழ் இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி இல்லாதவராகவுமே வளர்ந்தார்.

குருத்துவப் படிப்பை மேற்கொண்டு 1931 முதல் கொழும்பிலும், 1934 முதல் 1939 வரை உரோமாபுரியில் உள்ள உர்பன் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். உலகின் பல நாடுகளிலிருந்து மாணவர் வந்து கூடும் கல்விக்கூடம் அது. பாடங்கள் இலத்தீனில் நடந்தன. தெருவின் மொழி இத்தாலியம். உடன் பயில்வோரின் மொழிகளோ பற்பல. இச்சூழலில் அவருடைய மொழியார்வம் செழித்தது. இலத்தீன், இத்தாலியம் ஆகியவற்றோடு பிரெஞ்சு, செருமானியம், போர்த்துக்கீசியம், இசுபானியம் ஆகியவையும் அவர் வாழ்வில் படிப்படியாக இடம்பெற்றன. பழங்காலக் கார்த்தேசு நகரத் திருச்சபையின் குருமார் பற்றிய ஆய்வு அவர்க்கு முனைவர் பட்டத்தைத் தேடித் தந்தது.

வடக்கன்குளத்தில் நேர்ந்த திருப்பம்

உரோமாபுரியிலிருந்து திரும்பிய அடிகளார் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்றார். நெல்லைச் சீமையின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளத்தில், புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியில் 1940 முதல் 1945 வரை பணிபுரிந்தார். அவர் வாழ்வின் திருப்பம் இச்சிற்றூரிலேயே நிகழ்ந்தது.

நெல்லை மாவட்டத்து மக்கள் இயல்பாகப் பேசும் தமிழின் முன்னர்த் தம் தமிழ் வறுமையுற்றுக் கிடப்பதை அவர் உணர்ந்தார். இலத்தீனில் எழுதவும் இத்தாலியத்தில் உரையாடவும் வல்ல ஒருவர், தம் தாய்மொழியில் அமைந்த செம்மையான இலக்கியங்களைத் தாமே படித்துப் பொருள் கொள்ள இயலாத நிலையில் இருந்தார். இக்குறையை மறைத்துக்கொண்டு வாழ்தல் அவர்க்கு எளிது. கையில் முனைவர் பட்டம் இருந்தது; துறவுக் கோலம் இருந்தது; ஊரார் மதிப்பும் இருந்தது. அவரோ மறைக்க எண்ணவில்லை. பண்டிதர் ஒருவரை அணுகி, பணி நேரம் போக எஞ்சிய நேரத்தில் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் அடிப்படையிலிருந்து பாடம் கேட்டார். ஆண்டுகள் சில இவ்வாறு கழிந்தன. சங்க நூல்கள் அவர்முன் திறக்கத் திறக்க, தனிமுயற்சியாகக் கற்பது போதாது, முறையான பல்கலைக்கழகக் கல்வி வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது.

சிதம்பர வாழ்வு

1945 ஆம் ஆண்டு அடிகளார் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகருக்கு வந்தார். கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக அந்நாளில் சிதம்பரம் விளங்கியது. இன்றைய கடலூர் மாவட்டம் 1993 இல் தோன்றியதாகும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 இல் நிறுவப்பட்ட நாள் தொட்டே தமிழ்க் கல்விக்குப் பெயர் பெற்றிருந்தது. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அங்கே 1931 இல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். ஈழத்திலிருந்து வந்த துறவி ஒருவர் தமிழ் கற்பித்த அதே வளாகத்திற்கு, ஈழத்திலிருந்து வந்த மற்றொரு துறவி தமிழ் கற்க வந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அடிகளார் சேர்ந்த காலத்தில் மரியதாசு இரத்தினசாமி துணைவேந்தராக இருந்தார். பன்மொழிப் புலவர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் தமிழ்த்துறையில் பேராசிரியராக விளங்கினார். தமிழைப் பிற மொழிகளோடு ஒப்பவைத்து நோக்கும் பார்வை தெ.பொ.மீ. அவர்களிடம் இயல்பாக அமைந்திருந்தது. அவரை அடுத்துத் துறையில் பொறுப்பு வகித்த அ. சிதம்பரநாதன் செட்டியாரும் ஆங்கிலம், தமிழ் ஆகிய இரண்டிலும் தேர்ந்தவர். இத்தகையோர் நடமாடிய துறை, பன்மொழி அறிந்த மாணவர் ஒருவர்க்கு வாய்ப்பான நிலமாக அமைந்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். முனைவர் பட்டம் பெற்றவர் முதுகலை வகுப்பில் சேர்வது இறங்கி வருவதாக உலகியலில் தோன்றும். அடிகளார் அதனை அவ்வாறு கருதவில்லை. ஒரு துறையில் பெற்ற பட்டம் மற்றொரு துறையின் வாயிலைத் திறந்துவிடாது என்பதையும், தாய்மொழி என்பதனாலேயே அதன் இலக்கியம் ஒருவர்க்குத் தானே வந்துவிடாது என்பதையும் அவர் தெளிந்திருந்தார். பிரெஞ்சு இலக்கியத்தைக் கற்க விழையும் ஒருவர் சொல்லிலிருந்து தொடங்கி, இலக்கணம், வரலாறு, திறனாய்வு எனப் படிப்படியாக ஏறுகிறார். தமிழையும் அவ்வாறே கற்றல் வேண்டும். பிறந்தது முதல் பேசி வருகிறோம் என்னும் துணிவு நம்முள் பலரை அவ்வேணியின் முதற்படியிலேயே நிறுத்திவிடுகிறது. அடிகளார் அத்துணிவை உதறிவிட்டுத் தம் தாய்மொழியை ஓர் அயல்மொழியைப் போல உழைத்துக் கற்றார்.

முதுகலை முடித்தபின் 1949 வரை அங்கேயே எம்.லிட். ஆய்வை மேற்கொண்டார். பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்பதே ஆய்வுப்பொருள். அவர் முன்னர்க் கற்ற மொழிகள் யாவும் இவ்வாய்வில் துணைநின்றன. கிரேக்க, இலத்தீன் கவிஞர்கள் இயற்கையைப் பாடிய முறையையும், வடமொழிப் புலவர்கள் பாடிய முறையையும், சங்கப் புலவர்கள் பாடிய முறையையும் அவர் ஒருங்கு வைத்து நோக்கினார். மலையும் காடும் வயலும் கடலும் பாலையும் வெறும் பின்புலமாக நில்லாமல், காதலின் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு நிலமாகப் பகுக்கப்பட்டிருக்கும் திணைமரபின் தனித்தன்மை அவ்வொப்பீட்டினால் துலங்கியது. தமிழ் மட்டும் அறிந்தவர்க்குத் திணைமரபு பழகிப்போன ஒன்று. பழகியது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓமரையும் வர்ச்சிலையும் படித்த கண்ணுக்கே அதன் புதுமை புலனாயிற்று. இவ்வாய்வு 1950களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. பின்னர் நிலத்தோற்றமும் கவிதையும் என்னும் பொருள்படும் பெயருடன் 1966 இல் மீண்டும் அச்சேறியது. தமிழறியாத அறிஞர் பலர்க்குச் சங்க இலக்கியத்தின் வாயிலைத் திறந்துவிட்ட நூல்களுள் அதுவும் ஒன்றாகும்.

உலகை நோக்கி

சிதம்பரத்தில் பெற்ற கல்வியை அடிகளார் பட்டமாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தமிழின் சிறப்பைத் தமிழரிடமே மீளமீளப் பேசுவதால் பயன் குறைவு என்பது அவர் துணிபு. உலகம் அறிந்த மொழிகளில் உலகறிஞரிடம் பேசுதல் வேண்டும் என்று கருதினார். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தோற்றுவித்தார். அமெரிக்கா முதலிய நாடுகளில் சொற்பொழிவாற்றினார். 1952 இல் தமிழ் கல்ச்சர் என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழியல் ஆய்வாளர்கள் நாடு கடந்து ஒருவரோடு ஒருவர் உரையாடும் மேடையாக 1966 வரை அவ்விதழ் திகழ்ந்தது.

1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகப் பணியாற்றினார். இடையில் 1950களின் நடுப்பகுதியில் இலண்டன் சென்று, பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனை பற்றி ஆய்ந்து மற்றொரு முனைவர் பட்டம் பெற்றார். இலங்கையில் 1956 இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டபோது, தமிழின் உரிமைக்காகப் பேசியும் எழுதியும் வந்தார். மொழி அவர்க்கு வெறும் பாடப்பொருளாக இருக்கவில்லை. ஓர் இனத்தின் இருப்பாகவே இருந்தது.

ஐரோப்பிய நூலகங்களில் அவர் ஆற்றிய தேடல் தனியே குறிப்பிடத்தக்கது. 1554 இல் லிசுபனில் அச்சான, உரோமன் எழுத்தில் அமைந்த தமிழ் மறைக்கல்விச் சுவடியைக் கண்டு தமிழுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். 1679 இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான அந்தம் தெ புரோயென்சாவின் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதியின் படியொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதனை 1966 இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். போர்த்துக்கீசியமும் இலத்தீனும் அறியாத தமிழறிஞர் ஒருவர் அந்நூலகங்களின் வாயில்வரை சென்றிருக்கலாம். தமிழ் அறியாத ஐரோப்பியர் அச்சுவடிகளைக் கையில் எடுத்திருக்கவும் கூடும். இரண்டும் அறிந்த ஒருவர்க்கே அவற்றின் அருமை முழுமையாகப் புலப்பட்டது.

பிரெஞ்சு நாட்டுறவு

1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையின் பேராசிரியராக அடிகளார் விளங்கினார். 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் உலக மாநாடு நடைபெற்றது. அங்கே வந்திருந்த தமிழ் ஆய்வாளர்களை ஒன்றுகூட்டி, பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியம் அவர்களுடன் இணைந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். அம்மன்றத்தின் தலைவராகப் பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர் ஆயினர்.

பிலியோசாவின் வரலாறு அடிகளார் வரலாற்றின் மறுபக்கம் போன்றது. மருத்துவப் பட்டம் பெற்றுக் கண் மருத்துவராகத் தொழில் புரிந்த அவர், வடமொழி, பாலி, திபெத்தியம், தமிழ் ஆகியவற்றை முறையாகக் கற்று, பாரிசு நகரத்துக் கொலேழ் து பிரான்சு என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் இந்திய மொழி இலக்கியப் பேராசிரியர் ஆனார். 1955 இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். திருப்பாவையையும் திருமுருகாற்றுப்படையையும் பிரெஞ்சு மொழியில் ஆக்கி, 1972 இலும் 1973 இலும் வெளியிட்டார். அவ்வழியில் வந்த பிரான்சுவா குரோ, 1968 இல் பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்தளித்தார். கடலூருக்கு வடக்கே பேருந்தில் ஒருமணிப் பயணத் தொலைவில் பிரெஞ்சுக்காரர் தமிழை ஆழ்ந்து கற்றுக்கொண்டிருந்தனர். கடலூருக்குத் தெற்கே உள்ள சிதம்பரத்தில் அவர்தம் மொழியும் அறிந்த தமிழர் ஒருவர் முன்னரே தமிழை ஆழ்ந்து கற்றிருந்தார். இவ்விரு முயற்சிகளும் ஒன்று சேர்ந்த இடமே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் எனலாம்.

மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். முஸ்லிம் பெரும்பான்மை நாடொன்றின் தலைநகரில், கிறித்தவத் துறவி ஒருவரின் பெருமுயற்சியால், எல்லாச் சமயத்தாரும் கூடித் தமிழாய்ந்த அந்நிகழ்ச்சி தமிழின் பொதுமைக்கு நல்ல சான்றாகும். இரண்டாம் மாநாடு 1968 சனவரியில் சென்னையில், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில் நிகழ்ந்தது. மூன்றாம் மாநாடு 1970 சூலையில் பாரிசு நகரில், பிலியோசா பணியாற்றிய கொலேழ் து பிரான்சிலேயே கூடியது. வடக்கன்குளத்தில் தம் தமிழறிவின் குறை உணர்ந்து நின்ற இளந்துறவி, முப்பது ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் உயர்ந்த கல்வி அரங்கில் தமிழுக்கு இருக்கை இட்டார்.

நான்காம் மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. தாம் பிறந்த மண்ணில் நடந்த அம்மாநாட்டின் இறுதியில், சனவரி 10 ஆம் நாள் காவல்துறையினரின் நடவடிக்கையால் உயிர்கள் பலியாயின. அடிகளாரின் உள்ளத்தை வாட்டிய பெருந்துயரம் அது. 1980 செப்டம்பர் 1 ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்த சனவரியில் மதுரையில் கூடிய ஐந்தாம் மாநாட்டைக் காண அவர் இல்லை.

நாம் கொள்ள வேண்டுவது

அடிகளாரின் வாழ்வைப் போற்றி நிறுத்திவிடுவது எளிது. அவ்வாழ்வு நம்மிடம் கேட்பது என்ன என்று எண்ணிப் பார்த்தலே கடினம்.

தமிழ் முதுகலை என்பது வேறு வழியற்றோர் ஒதுங்கும் திண்ணை அன்று என்பது முதலாவது. எல்லா வழிகளும் திறந்திருந்த ஒருவர் தாமே தேர்ந்து வந்த வாயில் அது. அப்படிப்பினால் என்ன கிடைக்கும் என்று வினவும் பெற்றோர்க்கு, வேலை உறுதி என்று நாம் பொய்யுரைக்க வேண்டுவதில்லை. அதனைக் கற்கும் ஆழத்தைப் பொறுத்தே பயன் அமையும் என்னும் உண்மையைச் சொல்லலாம்.

தமிழ் மட்டும் கற்ற தமிழறிவு முழுமை பெறாது என்பது இரண்டாவது. இது கசப்பான உண்மை. தமிழாசிரியராகிய நம்மையும் சுடும் உண்மை. எம்.ஏ., எம்.பில். பட்டங்கள் பெற்ற நம்மில் எத்தனை பேர் மற்றொரு மொழியின் இலக்கியத்தை அதன் மூலத்திலேயே படித்திருக்கிறோம்? ஒப்பிலக்கியம் என்னும் தாளுக்கு விடை எழுதிய நாம், ஒப்பிடுவதற்கு உரிய இரண்டாவது இலக்கியத்தை ஆங்கில வழியாகவோ வழிகாட்டி நூல் வழியாகவோ மட்டுமே அறிந்துள்ளோம். அடிகளார் இக்குறையின் மறுதலையைச் சிதம்பரத்தில் தீர்த்துக்கொண்டார். நாமோ இக்குறையைக் குறை என்றே உணராது ஓய்வூதியம் வரை சென்றுவிடுகிறோம்.

மூன்றாவது, நம் கல்லூரி மாணவர்க்கே உரியது. இங்குப் பயிலும் முஸ்லிம் மாணவருள் மிகப் பலர் ஐந்தாறு வயதிலேயே ஓதும் பள்ளியில் அரபு எழுத்துகளைக் கற்றவர்கள். உருது பேசும் இல்லங்களிலிருந்து வருவோரும் உளர். வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் படிக்கத் தெரிந்த இப்பிள்ளைகள், அவ்விரு கல்வியையும் தொடர்பற்ற இரண்டு அறைகளாகப் பூட்டி வைத்துள்ளனர். நம் முன்னோர் அவ்வாறு பூட்டி வைக்கவில்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் என்னும் மரபையே வளர்த்தனர். உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் சீறாப்புராணமாக ஆக்கினார். அடிகளார் காலத்து ஈழத்திலேயே ம.மு. உவைஸ் அவர்கள் தமிழிலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினைத் தம் முதுகலை ஆய்வுப் பொருளாகத் தேர்ந்தார். 1953 இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வே இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்னும் துறைக்குப் பல்கலைக்கழகங்களில் வழிகோலியது. ஓதும் பள்ளியில் கற்ற அரபு, தமிழ் முதுகலை வகுப்பிலும் பயன்படும் என்பதற்கு இவை சான்றுகளாகும்.

ஆதலின் பிரெஞ்சு கற்க விழையும் மாணவர் தயங்காது புதுச்சேரிக்குச் செல்லட்டும். அரபு கற்பவர் அதனை ஓதுவதோடு நில்லாது அதன் இலக்கியத்தையும் பயிலட்டும். எங்குச் சென்றாலும் திரும்பி வருதல் வேண்டும் என்பதே நாம் அவர்களிடம் வைக்கும் வேண்டுகோள். அடிகளார் உரோமாபுரி வரை சென்று திரும்பி வந்தார். திரும்பி வந்தபோது தாம் அறியாதது எது என்பதை ஒப்புக்கொள்ளும் பணிவும் அவரிடம் இருந்தது. அப்பணிவே அவரைச் சிதம்பரத்தில் மீண்டும் மாணவராக அமரச் செய்தது. பின்னர் உலகத் தமிழர் அனைவர்க்கும் ஆசானாக உயர்த்தியது.

அடுத்த ஆண்டு சேர்க்கை நாளில் அதே வினா மீண்டும் எழும். அப்போது நாம் சொல்லும் விடையில் இப்பெரியாரின் பெயரும் இருக்கட்டும். அப்பெயரைச் சொல்லும் தகுதியை நாமும் கற்றுப் பெறுவோமாக.